மூக்கு வழியே போன வயரும் ஒரு மட்டிப் பழமும்

ஈசிஜி பேப்பர் கிர்ர்ர்ரென்று ஓடும் சத்தம்... எங்கே கேட்டாலும் நெய்யாற்றின்கரைப் பக்கம் நான் முதலில் வேலை பார்த்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். அங்கே நான் ஈசிஜி டெக்னீஷியன்.

ஒருநாள் காலையில் பொழியூரிலிருந்து ஆட்டோவில் ஒரு அண்ணனைக் கொண்டு வந்தார்கள். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். சட்டையெல்லாம் உப்புத் தண்ணீர். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. வலை இழுக்கும்போது இப்படி வந்து மயங்கியே விழுந்திருக்கிறார். இனி வள்ளத்தில் ஏற்ற மாட்டோம் என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்களாம்.

"மக்கா, நான் இனி கடலுக்குப் போவ முடியுமா?"

இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

சாதாரண ஈசிஜியில் ஒன்றும் பிடிபடவில்லை. அந்த வேகத்தில் இதயத்தின் மேலறைத் துடிப்பு, பெரிய அலைகளுக்குள் ஒளிந்துகொண்டது. உணவுக்குழாய் மேலறைக்கு நேர் பின்னால்தானே போகிறது? மூக்கு வழியே மெல்லிய வயரை அங்கே இறக்கிப் பார்க்கலாம் என்றார் டாக்டர் மேடம். நான் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. மேடம் சொல்லச் சொல்ல, வயரில் ஜெல்லி தடவி மூக்கில் நுழைத்தேன்.

வயர் தொண்டை வரைக்கும் போனது. அதற்குமேல் இறங்கவில்லை... அண்ணன் ஓக்காளித்து வெளியே தள்ளினார்.

திரும்பிப் பார்த்தால், அவர் மனைவி பையிலிருந்து ஒரு மட்டிப் பழத்தை, எங்கள் பக்கத்துச் சின்ன வாழைப்பழத்தை, எடுத்து உரித்துக்கொண்டிருக்கிறார்!

"ஐயோ அக்கா, பழம் குடுக்கப்பிடாது!" என்று கத்தினேன்.

"தொண்டையில மீன்முள்ளு மாட்டினா பழத்தைச் சவைக்காம முழுங்கணும். பின்ன எப்படியாக்கும் எறங்கும்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "பழம் வேண்டாம். ஆனா சேட்டா, அந்த முள்ளை முழுங்குத மாதிரியே முழுங்குங்க."

ஒரு வாய் தண்ணீர். கண்ணை மூடி, கழுத்தை நீட்டி ஒரே முழுங்கு. வயர் இறங்கிவிட்டது. பேப்பரில் ஒளிந்திருந்த அலைகள் குத்துக்குத்தாக எழும்பி நின்றன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மேலறையில ஒரு கோளாறு. சரியாக்கலாம். கடலுக்கும் போவலாம்" என்றார் டாக்டர். ஊசி போட்டதும் துடிப்பு அடங்கியது. பிறகு திருவனந்தபுரத்தில் சிகிச்சையும் முடிந்தது.

இப்போது என் மகள் கட்டியிருக்கிற வாட்சே ஈசிஜி எடுக்கிறது. மூக்கும் வேண்டாம், ஜெல்லியும் வேண்டாம். நல்லதுதான். ஆனாலும் ஒரு கோட்டுக்காக அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதே அன்றைக்கு...

போன வாரம் பூவார் சந்தையில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. சட்டையில் அதே உப்பு ஈரம்.

"எலே, எனக்க நெஞ்சை மூக்கு வழியா பாத்த பிள்ளையாக்கும் இது!" என்று சந்தையையே கூட்டிவிட்டார்.

பக்கத்தில் நின்ற அக்கா சிரித்துக்கொண்டே பையைத் துழாவி ஒரு மட்டிப் பழத்தை எடுத்து நீட்டினார்.

"தின்னு மக்கா. இன்னைக்குத் தடை ஒண்ணும் இல்லல்லா?"