சோற்றுக்கு ரிசர்வேஷன்

உல்லாசப் பயணம் போகிற இடத்தில் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு வாட்ஸ்அப் குழுவால் ஒரு மாதம் சண்டை போட முடியும். நான் பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்ன, அதில் பாதிச் சண்டை நான் போட்டதுதான்.

என் கணவர் மறைமலை நகர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அவரையும் சேர்த்து அங்கே நாலு பேர் ஒரு செட்டு. ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நாலு பேருமே செங்கல்பட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள், நாலு பேரின் அப்பாக்களும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். நாங்கள் எல்லாரும் இப்போது டவுனில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் குடியிருக்கிறோம். போன வருஷம் பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும், கடற்கரைச் சாலையில் இருக்கிற தீம் பார்க் ஒன்றுக்கு நாலு குடும்பமாகப் போவது, ராத்திரி மாமல்லபுரத்தில் தங்குவது, மறுநாள் திரும்புவது என்று முடிவானது.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். பார்க்குக்குள் இருக்கிற ரெஸ்டாரண்டில் மத்தியானம் ஒரு மணிக்கும், மாமல்லபுரத்தில் ராத்திரி எட்டு மணிக்கும் டேபிள் சொல்லி வைத்துவிடலாம் என்றேன். உலகத்தில் கோடிப் பேர் செய்கிற காரியம். ஆனால் இந்த நாலு பேரில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் அவர் அண்ணாத்த. அவர் டைப் அடிக்க மாட்டார், பேசித்தான் அனுப்புவார்.

"இன்னா அண்ணி, சோத்துக்கு ரிசர்வேசனா? ரயிலா அது? பசிச்சா போய் உக்கார்றோம், கெடச்சத துன்றோம். மணியப் பாத்து துன்றதுக்கு நாம இன்னா ஆஸ்பத்திரிலயா கீறோம்?"

அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். என் கணவரும் ஒன்று போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் மணியைப் பார்த்துச் சாப்பிட வேண்டிய ஆளே அவர்தான்.

அவருக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருஷம். மாத்திரையில் அடங்காமல், சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. போட்ட அரை மணி நேரத்தில் சோறு உள்ளே போக வேண்டும். தவறினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். ஒருமுறை ரயில்வே கேட்டில் வண்டியோடு மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்த என் தோளில் அப்படியே சாய்ந்தார். அன்றைக்கு நான் பட்ட பயத்தை இன்னொரு தரம் பட எனக்குத் தெம்பில்லை.

இது நண்பர்கள் யாருக்கும் தெரியக் கூடாது என்பது அவர் எனக்குப் போட்ட உத்தரவு. கம்பெனியில் ஒருவர் கேன்டீன் ஓரமாகத் திரும்பி நின்று ஊசி போட்டதை யாரோ பார்த்துவிட்டார்களாம். அன்றிலிருந்து அந்த மனுஷனுக்குச் சக்கர என்று பெயர். பிறந்தநாள் கேக் வெட்டினால் அவருக்கு மட்டும் காலித் தட்டை நீட்டுவார்களாம். அப்படிப் பெயர் வைத்துக் கூப்பிட்டவர்களில் என் கணவரும் ஒருவர். "என்னையும் அப்டித்தான் கூப்புடுவானுங்க. நா கம்பெனி வாலிபால் டீம்ல ஆட்னவன்" என்றார். இவர் ஆடியபோது எங்கள் பெரியவளுக்குப் பல் முளைக்கவில்லை, இப்போது அவள் பொத்தேரியில் காலேஜ் படிக்கிறாள். இருந்தாலும் வாலிபால் வாலிபால்தான்.

ஆக, காரணத்தைச் சொல்லாமல் நான் சண்டை போட வேண்டும். எப்படி இருக்கும்? சீமாட்டி மாதிரி இருக்கும். "அண்ணிக்கு நிக்கறது புடிக்காது, ஆபீஸ்ல ஏசிலயே இருக்காங்கல்ல" என்றார் அண்ணாத்த. நான் வேலை பார்க்கும் இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஏசி மேனேஜர் அறையில் மட்டும்தான் இருக்கிறது. அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவா முடியும்? யாரையும் கேட்காமல் போன் செய்து, கணவர் பேரில் இரண்டு இடத்திலும் டேபிள் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் குழுவில் போட்டேன்.

ஒரு தகவல் மட்டும் கிடைக்கவில்லை. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று நானும் தொண்டை வறளக் கேட்டேன். எங்கள் பக்கத்தில் கிளம்புகிற ஆட்களைத் தலை எண்ணிச் சொல்ல மாட்டார்கள். எண்ணினால் திரும்பும்போது ஒன்று குறையும் என்று ஒரு பயம். "எண்ணாதீங்க அண்ணி, வர்றவங்க வருவாங்க" என்று பதில் வந்தது. பார்க்கில் போனை எடுத்த பெண்ணிடம் இதைச் சொன்னால் வைத்துவிடுவாள். நாலு குடும்பம், குடும்பத்துக்கு நாலு பேர், பதினாறு என்று நானாகச் சொன்னேன்.

கிளம்புகிற அன்று காலையில் வேனுக்குப் பக்கத்தில் நின்றபோதே என் கணக்கு தப்பிவிட்டது தெரிந்தது. அண்ணாத்தையின் மச்சினர் குடும்பம் ஊரிலிருந்து வந்திருந்ததாம், விட்டுவிட்டா வர முடியும்? இன்னொரு வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். எல்லாருமாக இருபத்துமூன்று பேர். எண்ணியது நான்தான், மனசுக்குள்.

பார்க்கில் காலைப்பொழுது நன்றாகத்தான் போனது. வாடகைக்குக் கொடுத்த நைலான் அரைக்கால் சட்டைகளில், தொப்பையோடு நாலு பேரும் சறுக்குமரத்தில் இறங்கியதைப் பார்த்து, அண்ணாத்தையின் மனைவியும் நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எல்லார் கழுத்திலும் செல்போன் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. பன்னிரண்டரைக்கு நான் கைப்பையைத் தட்டிக் காட்டினேன். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஊசியை வாங்கிக்கொண்டு என் கணவர் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தார். ஒரு மணிக்கு டேபிள் தயார் என்கிற தைரியம்.

டேபிள் தயாராகத்தான் இருந்தது. மேலே அவர் பேர் எழுதிய அட்டை, வரிசையாக வாழை இலை. பதினாறு நாற்காலி. மற்றவர்களுக்கு இடம் இல்லை, ஒரு முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அவ்வளவுதான், அங்கேயே பந்தி பிரிந்துவிட்டது. பிள்ளைகளும் விருந்தாளிகளும் முதல் பந்தி, மற்றவர்கள் அடுத்த பந்தி. நான் என் கணவரைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். வைத்த வேகத்தில் அண்ணாத்த அந்த அட்டையைக் கையில் எடுத்தார்.

"மச்சான், உம் பேருதான் போட்டுக்கீது. அப்போ இன்னிக்கி நீதான் விருந்து வெக்கற. இன்னா, நீ மொத பந்தில குந்திக்கின?"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் எங்கள் ஆட்களிடம் இந்த ஒரு விஷயத்தில் விளையாட்டு கிடையாது. கூப்பிட்டவன் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். வந்தவன் ஏப்பம் விட்ட பிறகுதான் இலையில் கை வைக்கலாம். அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் எல்லாரும் எழுந்த பிறகு கொல்லைப் பக்கம் நின்று வாங்கிச் சாப்பிட்டவர்களின் பிள்ளைகள் இவர்கள். தங்கள் வீட்டுக்கு வந்த யாரும் காத்திருக்கக் கூடாது என்பது இவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் இது எங்கள் வீடா? ஆளாளுக்கு அவரவர் காசு போட்டு வந்திருக்கிற ரெஸ்டாரண்ட். பேர் கேட்டார்கள், இவர் பேரைச் சொன்னேன், அவ்வளவுதானே.

என் கணவர் எழுந்தார். எழுந்ததோடு விடவில்லை, பரிமாற வந்த பையனின் கையிலிருந்து சாம்பார் வாளியையும் வாங்கிக்கொண்டார்.

"சார், நீங்க உக்காருங்க, நாங்க வைக்கிறோம்" என்றான் அவன்.

"நீ போப்பா. எங்க ஆளுங்கள நா பாத்துக்கறேன்."

ஒரு மணிக்கு அவர் வயிற்றில் சோறு விழ வேண்டும் என்று ஒரு மாதம் கெட்ட பேர் வாங்கி டேபிள் பிடித்தேன். அந்த டேபிள்தான் அவரைக் கடைசிப் பந்திக்குத் தள்ளியது. சொல்லி வைக்காமல் வந்திருந்தால் மூலையில் எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். என் மண்டையில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் பின்னாலேயே போனேன். "இந்த அப்பளத்தயாவது வாயில போடுங்க" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. தலையை ஆட்டினார். பாயசத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, இனிப்பு சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று நீட்டினேன். "அவுங்க சாப்ட்டுகினு கீறாங்க, நா அதுக்குள்ள வாய் வெக்கட்டுமா?" என்று என்னையே முறைத்தார். இந்த மனுஷனை என்ன செய்வது? இருபது பேருக்கு நடுவில் கத்தட்டுமா? கத்தினால் அவர் மானம் போகும், கத்தாவிட்டால் ஆளே போய்விடுவார். கத்துவது என்று முடிவு செய்து வாயைத் திறந்தேன்.

அதற்குள், அடுத்து அவர் எடுத்து வந்த ரசம் கொட்டிவிட்டது. அண்ணாத்தையின் இலைக்கு ஊற்றப் போனது அவர் தோளில் விழுந்தது. "டேய், கண்ணு தெரில?" என்று திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். என் கணவரின் முகம் முழுக்க வியர்வை. வாளியைப் பிடித்த கை உதறிக்கொண்டிருந்தது.

அண்ணாத்த ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இன்னா ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. எச்சில் கையோடு கழுத்துப் பையைத் திறந்து, செல்போனுக்குப் பின்னால் இருந்த குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்துப் பல்லால் கிழித்தார். "வாயத் தொற" என்று கொட்டினார். நான் கைப்பைக்குள் கையை விட்டபோது எனக்கு முன்னால் இன்னும் இரண்டு கைகள் நீண்டிருந்தன. ஒன்றில் எலுமிச்சை மிட்டாய், நாலு பேரில் இன்னொருவர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்தது. இன்னொன்று அண்ணாத்தையின் மனைவியின் கை. புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த கற்கண்டு.

எல்லாரும் எல்லார் கையையும் பார்த்தார்கள். மிட்டாய் வைத்திருந்தவர் அதைத் திரும்பப் பைக்குள் போடப் பார்த்தார், இடம் தெரியாமல் கீழே போட்டார். நாலு பேரில் மூன்று பேருக்குச் சர்க்கரை. கேன்டீனில் அந்த மனுஷனைச் சக்கர என்று கூப்பிட்டுச் சிரித்த மூன்று பேர், ஆளுக்கொரு பொட்டலத்தை ஒளித்து வைத்துக்கொண்டு.

அண்ணாத்த தன் நாற்காலியை இழுத்து என் கணவரை அதில் உட்கார வைத்தார். பிசைந்த சோறு பாதி கிடந்த தன் இலையை மடித்துவிட்டு, புது இலை போட்டு, தானே சோற்றை வைத்தார். "துன்னு மச்சான்" என்றார். என் கணவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். நாலாவது கவளத்தில் கை நடுக்கம் நின்றது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும்.

"ரயிலான்னு கேட்டீங்களேண்ணா" என்றேன். "ஒரு மாசம் என்னைய வெச்சி சிரிச்சீங்களே. மணி பாத்து துன்றதுக்கு ஆஸ்பத்திரியான்னு கேட்டீங்களே. நீங்க ஊசியா, மாத்திரையா?"

"ஊசிதான் அண்ணி" என்றார். "மூணு வருசம் ஆவுது."

"அப்போ அந்த ஒரு மணி டேபிளு உங்களுக்கும்தான வேணும்? சொல்லித் தொலைக்கறதுக்கின்னா?"

"எப்டி அண்ணி சொல்றது" என்றார்.

வேனில் மாமல்லபுரம் போகும்போது மூன்று பேரும் சர்க்கரை அளவு பேசிக்கொண்டு வந்தார்கள். உனக்கு எவ்வளவு, சாப்பிடாமல் எவ்வளவு, சாப்பிட்டு எவ்வளவு. பழைய மேட்ச் ஸ்கோர் பேசுகிற அதே உற்சாகம். ராத்திரிக்கு ஆள் கூடிப்போனதைச் சொல்லி டேபிளை மாற்றலாம் என்று நான் போனை எடுத்தேன். அண்ணாத்த பின்சீட்டிலிருந்து, "அண்ணி, எட்டு மணின்னு கரெக்டா சொல்லிடுங்க" என்றார். அது கேட்கக் கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது.

"சொல்றேன். யாரு பேர்ல?"

அண்ணாத்த சவுக்குத் தோப்பைப் பார்த்தார். மிட்டாய்க்காரர் செல்போனைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். பேர் கொடுத்தவன் கடைசியில்தான் சாப்பிட வேண்டும், கடைசியில் சாப்பிட அவர்களால் முடியாது. இத்தனைக்குப் பிறகும் அந்த வழக்கத்தை விடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உன் பேர்லயே சொல்லிடேன்" என்றார் என் கணவர்.

சரி என்று சொல்லிவிட்டேன். அந்த ஓட்டலில் கடற்கரையைப் பார்த்த மாதிரி நீளமாக டேபிள் போட்டிருந்தார்கள். மூன்று பேரும் ஒளிவு மறைவில்லாமல் அங்கேயே ஊசியும் மாத்திரையும் போட்டுக்கொண்டார்கள், சரியாக எட்டுக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். யார் பேர் என்று இந்தத் தரம் யாரும் கிண்டல் செய்யவில்லை. நான் வறுத்த மீன் தட்டோடு சுற்றி வந்துகொண்டிருந்தேன். அதுவும் யார் கண்ணிலும் படவில்லை, வீட்டில் தினமும் பார்ப்பதுதானே. என் கணவர் நன்றாக ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, "கரெக்ட் டைமுக்கு ஆய்ட்ச்சி" என்று என்னிடம் சிரித்தார்.

அவர் நேரத்துக்குச் சாப்பிட்டார், எனக்கு அது போதும் என்று எழுதி முடித்துவிடலாம். பொய்யாக இருக்கும். எனக்கும் பசித்தது.