டீ கிளாஸ் கைமாறும் இடம்

சேகர் அண்ணன் இறந்துவிட்டார். இன்று விடியற்காலையில், விழுப்புரத்தில். நெஞ்சு வலி.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கிறது. சீட் இருக்கிறது, உட்காரத்தான் முடியவில்லை... கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் டைப் பண்ணுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ரசிகர் பக்கத்தில் நாதன் - அந்தோணி வீடியோ பார்க்கிற எல்லோருக்கும் அவருடைய வேலை தெரியும், ஆளைத் தெரியாது.

புதிதாக வந்தவர்களுக்கு... துப்பறியும் நாதன், அவருடைய டிரைவர் அந்தோணி. பாக்கெட் நாவலில் ஆரம்பித்து மூன்று படமாக வந்த ஜோடி. மூன்றிலும் நடிகர்கள் வேறு, டைரக்டர் வேறு.

அந்த இரண்டு பேருடைய நட்பைப் பாட்டுக்கு ஏற்ற மாதிரி வெட்டி ஒட்டிப் போடுவதுதான் எங்கள் பைத்தியம். நான் திண்டிவனத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். அவர் விழுப்புரத்தில் கல்யாண வீடியோ எடிட்டர்.

என் முதல் வீடியோவில் முழுக்க நாதன்தான். ஸ்லோமோஷனில் நடப்பார், கோட்டு பறக்கும். எல்லோரும் ஹார்ட் போட்டார்கள். இவர் மட்டும் கமெண்டில், "நல்லாக்கீது மா. அந்தோணி எங்க? அவரு கார்லயே ஒக்காந்துக்கினு இருக்காரா?" என்று கேட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. நீங்களே ஒன்று பண்ணிக் காட்டுங்கள் என்று எழுதினேன். மறுநாளே பண்ணிக் காட்டினார். சண்டைக் காட்சி ஒன்றுகூட இல்லை. காரில் நாதன் தூங்கிவிடுகிறார், அந்தோணி ஹாரன் அடிக்காமல் ஓட்டுகிறார்... அவ்வளவுதான். கடையில் கஸ்டமர் எதிரில் அழுதேன், அசிங்கமாக.

அப்புறம் சேர்ந்தே போட ஆரம்பித்தோம். நான் வெட்டி அனுப்புவேன், அவர் பார்ப்பார். ப்ளூ டிக்கை ஆஃப் பண்ணி வைத்திருக்கிற மனுஷன். பிடித்திருந்தால் உடனே "போட்டுடு" என்று வரும். பிடிக்கவில்லை என்றால் பதிலே வராது. நானே திருத்தித் திருத்தி அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டால், "சொன்னா என்னுது ஆயிடும். உன்னுதா இருக்கட்டும்" என்பார்.

இந்தப் பைத்தியம் அவருடைய தொழிலிலும் ஒட்டிக்கொண்டது. வளவனூர் கல்யாணம் ஒன்றின் ஹைலைட்ஸ் வீடியோவில் மாப்பிள்ளையும் அவர் தோழனுமாகவே போட்டுத் தள்ளிவிட்டார். தோழன் மாப்பிள்ளைக்கு வேர்வை துடைக்கிறான், மாலையைச் சரி பண்ணுகிறான், செருப்பைத் தேடுகிறான்...

பெண்ணுடைய மாமா ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். "இன்னா சேகரு, யாருக்கும் யாருக்கும் கல்யாணம்னே தெரியல. பொண்ணு எங்கய்யா?" அண்ணன் ஜல்தியாக வேறு ஒன்று பண்ணிக் கொடுத்தார். முதலில் பண்ணியதை மாப்பிள்ளை பென்டிரைவில் தனியாக வாங்கிக்கொண்டு போனாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பஸ் இப்போதுதான் நகர்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை திண்டிவனத்தில் முதல் படம் ரீ-ரிலீஸ். படத்துக்கு முன்னால் நம் எடிட் வீடியோவைப் பெரிய திரையில் போட தியேட்டரில் சம்மதித்திருக்கிறார்கள். இன்று மதியத்துக்குள் ஃபைல் போக வேண்டும்.

மூன்று படத்திலும் நாதன் பாதி டீ குடித்துவிட்டு கிளாஸை நீட்டுவார், மீதியை அந்தோணி குடிப்பார். கதையில் அதற்கு வேலையே இல்லை, யாரும் கவனித்ததும் இல்லை. அண்ணன்தான் கண்டுபிடித்தார். ஒரு படத்தில் நீட்டுகிற கிளாஸை அடுத்த படத்து அந்தோணி வாங்குகிற மாதிரி ஒட்டினேன். அந்த இடத்தில் பாட்டையும் நிறுத்திவிட்டேன். நேற்று மதியம் அவருக்கு அனுப்பினேன்.

பதில் இல்லை.

பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். இழுவையாக இருக்கிறதோ என்று டீ கிளாஸைச் சுருக்கி அனுப்பினேன். பதில் இல்லை. பாட்டை நிறுத்தாமல் ஓடவிட்டேன். துப்பாக்கிச் சத்தம் சேர்த்தேன். ஃபிளாஷ் போட்டேன். ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே இருந்தேன். இன்று காலையில்கூட ஒன்று அனுப்பினேன், "இதாவது ஓகேவாண்ணே?" என்று கேட்டு. அப்போது அவர் உயிரோடு இல்லை.

அந்த மெசேஜைப் பார்த்துவிட்டு லதா அண்ணி போன் பண்ணினார். அவருடைய மனைவி. அண்ணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நேத்து சாயந்தரம் ஆஸ்பத்திரி பெட்ல படுத்துக்கினே நீ மொதல்ல அனுப்புன வீடியோவ பாத்தாரு வசந்தி. டீ கிளாஸ் வர்ற எடத்துல நிறுத்தி நிறுத்தி பாத்தாரு. எனக்கும் காட்டுனாரு. 'இதுல கை வெக்காதன்னு அந்தப் பொண்ணாண்ட சொல்லணும், மூச்சு வாங்குது, அப்பறமா டைப் பண்றேன்'னாரு. அதுக்குள்ள ஐசியூவுக்கு இட்டுக்கினு பூட்டாங்க. நானும் பேஜார்ல மறந்துட்டேன் மா."

அண்ணி என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். என்னிடம்...

நான் பழையதைத் தனியாகச் சேமிக்காமல் ஒரே ஃபைலில் மேலே மேலே மாற்றிக்கொண்டே போனவள். முதலில் பண்ணியது போனில் இல்லை. அவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் காப்பி ஒன்றுதான் மிச்சம்.

நம் வாட்ஸ்அப் குரூப்பில் விடாமல் மெசேஜ். அண்ணன் போட்டோ வை அக்கா, மெழுகுவர்த்தி வை அக்கா, சோகப் பாட்டு போடு அக்கா. தயவுசெய்து கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். வீடியோவில் எதுவும் வைக்கப் போவதில்லை.

வாட்ஸ்அப் காப்பியைத் தியேட்டருக்கு அனுப்பிவிட்டேன். ஆபரேட்டர் கூப்பிட்டார். "மேடம், கிளாரிட்டி ரொம்ப கம்மியா இருக்கு. பெரிய ஸ்கிரீன்ல முகமெல்லாம் கலங்கிடும். வேற இல்லையா?"

இருக்கிறது, நிறைய இருக்கிறது. பளிச்சென்று இருக்கிறது. வேண்டாம், இதையே போடுங்கள் என்றேன்.

விழுப்புரம் வந்துவிட்டது. மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள்.

அண்ணே... கை வைக்கல. நீங்க கிளம்புங்க.