மிருதங்கம் வைத்த ராக் பாட்டு

அண்ணா டிரம்ஸ் வாசித்த ராக் குழுவில் அவன் ஒருவன்தான் தமிழன். மற்ற மூவரும் வங்காளிகள். சனி, ஞாயிறுகளில் பார்க் ஸ்ட்ரீட் உணவகம் ஒன்றில் இங்கிலீஷ் பாட்டுகளை அப்படியே காப்பியடித்து வாசிப்பார்கள். அவன் அதில் சேர்ந்த நாளிலிருந்து அப்பா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட வரச் சொல்வதைக்கூட என் மூலம்தான் சொல்லியனுப்புவார்.

எழுபதுகளின் நடுவில் குழுவுக்குச் சொந்தமாக இசைத்தட்டு போட வாய்ப்பு வந்தது. சின்னத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. இதுவரை யாரும் கேட்காத சத்தமாக இருக்கவேண்டும் என்றார் கிடார் வாசிப்பவர். வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரை தாதா என்போம். எங்கள் லேக் மார்க்கெட் வீட்டில் தோசை சாப்பிட்ட கையோடு, அண்ணா சின்ன வயதில் கற்ற மிருதங்கத்தைக் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே இழுத்ததும் அவர்தான். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். மிருதங்கம் என்று காதில் விழுந்ததும் அப்பா கொஞ்சம் மனசு இறங்கினார். தட்டு வரட்டும், கேட்டுவிட்டுப் பேசுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாராம். அண்ணாவுக்கு அது போதும். ராப்பகலாக சாதகம் செய்தான்.

ஒலிப்பதிவுக்கு நானும் கூடப் போனேன். மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்பினால்தான் அந்த கனமான நாதம் வரும். வீட்டிலிருந்து ரவையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போயிருந்தோம். ஸ்டூடியோவின் ஏ.சி. குளிரைப் பற்றி எங்கள் இருவருக்கும் யோசனையே போகவில்லை. பாதிப் பாட்டில் ரவை காய்ந்து உதிர்ந்தது. வலப்பக்கம் சுருதி ஏறிவிட்டது. அண்ணா கல்லால் தட்டித் தட்டிச் சேர்ப்பான், அடுத்த முறையும் அதே கதைதான். சுருதி சேராமல் வாசிக்கமாட்டேன் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். மற்றவர்கள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று தாதா தோளில் தட்டி அனுப்பிவைத்தார்.

அந்த இன்னொரு நாளைக்கு அண்ணாவை யாரும் கூப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாதா தட்டோடு வந்தார். அட்டைப் படத்தில் அண்ணா மிருதங்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான். எங்களை மாடிப்படியிலேயே நிறுத்தி, தபலாக்காரர் ஒருவரை வைத்து முடித்துவிட்டதாகவும், கம்பெனி அவசரப்படுத்தியதாகவும் வங்காளியில் மென்று விழுங்கினார். எனக்கு வந்த கோபத்தில் தட்டை அங்கேயே உடைத்துப் போட்டிருப்பேன். படத்துக்கு அவன் வேண்டும், பாட்டுக்கு மட்டும் வேண்டாமா? முகத்துக்கு நேரேயே கேட்டேன். தாதா தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனார்.

"சும்மா இரு. தட்டு கேக்கறதுக்காக அப்பா உள்ள உக்காண்டிருக்கார்" என்றான் அண்ணா.

பௌதி, அதாவது அண்ணி, என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளிப் பெண்ணின் ரெகார்ட் பிளேயரை இரவல் வாங்கி வைத்திருந்தோம். தட்டு சுழன்றது. கிடார் அலறலுக்கு நடுவே தபலா கேட்டது. நன்றாகவே இருந்தது, அதுதான் என் வயிற்றெரிச்சல். அப்பாவுக்கு சங்கீத ஞானம் கிடையாது. அந்த இரைச்சலில் தபலாவையும் மிருதங்கத்தையும் அவரால் பிரித்தறிய முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, எத்தனையோ மாதங்களுக்கு அப்புறம், அண்ணாவின் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"நீ வாசிச்சது எங்கேடா வரது?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணா முந்திக்கொண்டான்.

"இப்ப வரதே, இதான்பா."

அப்பா தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். தாளம் கொஞ்சம் தப்பித் தப்பி விழுந்தது. முகம் மட்டும் மலர்ந்துகொண்டே போனது. பாட்டு முடிந்ததும், அந்த இடத்தை இன்னொரு தரம் வை என்றார்.

அண்ணா தானே எழுந்து போனான். முள்ளைத் தூக்கி, குனிந்து பார்த்து, சரியாகத் தபலா தொடங்கும் இடத்தில் வைத்தான்.