லிஃப்டுக்கு ஒரு வசனம்

ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. ‘கயிறு மேடம்’ என்றால் தெரியாதவர் இல்லை. நகராட்சியின் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஊரின் மொட்டைமாடிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பவள். ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் உரிமையாளர் இழுத்துப் போடும் நாற்காலி, நீட்டும் குளிர்பானம், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்ற விசாரிப்பு எதையும் காதில் வாங்கமாட்டாள். நேரே மேலே மோட்டார் அறைக்குப் போய்விடுவாள். பழைய பனியன் துணியைக் கம்பிக்கயிற்றின்மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டு, லிஃப்டை மெதுவாக ஓட்டச் சொல்வாள். கயிற்றில் எங்கே இழை அறுந்திருக்கிறதோ அங்கே துணி மாட்டும். அடிக்கடி மாட்டினால் முடிந்தது. கீழே வந்து கதவில் கம்பியைக் கோத்து, ஈய முத்திரையை வைத்துக் குறட்டால் ஒரு நசுக்கு நசுக்குவாள். அதற்குப் பிறகு அமைச்சரே வந்தாலும் படிக்கட்டுதான்.

பனியன்கள் அவளுடைய வீட்டுக்காரருடையவை. “மனுஷன் தன் பனியனைத் தேடி ஊர்ல இருக்கிற மொட்டைமாடி எல்லாம் ஏறணுமா?” என்பார் அவர்.

“கஷ்டப்படாதீங்க. லிஃப்ட்ல போங்க. நான் பார்த்த லிஃப்ட்தான்” என்பாள் அவள்.

வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தவர். மூன்று வருடம் முன்பு அச்சகத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு சமையலை அவர் எடுத்துக்கொண்டார். மிச்ச நேரத்தைத் திருநூல் எடுத்துக்கொண்டது. எந்த வசனம் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதை யாரும் கேட்கத்தான் இல்லை. பக்தியில் அவளும் குறைந்தவள் அல்ல. மோட்டார் அறைக் கதவைத் திறக்கும்போது ஒரு வசனத்தை முணுமுணுப்பாள். முணுமுணுத்துவிட்டுத்தான் துணியைச் சுற்றுவாள். இரண்டில் ஒன்று போதுமே என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அப்படித் தோன்றிய ஆட்கள் சென்ற தேர்தலில் நகராட்சிக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் கூட்டத்திலேயே தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: ‘நகராட்சி விதிகள் யாவும் இனித் திருநூலுக்கு உட்பட்டவை. திருநூல் சொல்லாததை நகராட்சியும் சொல்லாது.’ எல்லோரும் கை தூக்கினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் கொஞ்சம் முன்னதாகவே தூக்கிவிட்டார்கள். தூக்காமல் இருந்து, நாளைக்கு வீட்டு வாசலில் யாராவது வந்து நின்றால் யார் பதில் சொல்வது?

மறுவாரம்தான் விஷயம் உறைத்தது. திருநூலில் சாக்கடை இல்லை. வேகத்தடை இல்லை. தெருவிளக்கு பல்பு எத்தனை வாட்ஸ் என்று எந்த மகானும் அருளவில்லை. சரி, இருக்கிற வசனத்தைக் கொண்டு இல்லாத விதியைக் கண்டுபிடிக்க ஐந்து பேர் கொண்ட வசனக் குழு ஒன்று போட்டார்கள். குழுவுக்குத் தலைமை ஓய்வுபெற்ற ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். வாழ்நாள் முழுக்க ‘எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் சார்’ என்று சொல்லியே வீடு கட்டியவர். குழுவின் செயலராக, வசனம் தெரிந்த ஆள் ஒருவராவது வேண்டுமே என்று, கயிறு மேடத்தின் வீட்டுக்காரரைப் போட்டார்கள்.

குழு சுறுசுறுப்பாகத்தான் வேலை செய்தது. ‘அயலான் வாசலில் உன் கழுதையைக் கட்டாதே’ என்ற வசனத்தின்படி, கண்ட இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்தினால் அபராதம் என்றார்கள். கார்? கழுதைக்குக் கூரை கிடையாது. ஆகவே கார் கழுதையாகாது, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தீர்ப்பாயிற்று. தலைவரிடம் இருப்பது கார். ‘சிறகுள்ளவை அனைத்தும் அவன் ஏவலால் பறக்கின்றன’ என்ற வசனத்தால் கொசுமருந்து அடிப்பது நின்றது. அதற்கு அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் ஒருவர்விடாமல் சொறிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

கயிறு மேடம் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டுக்காரர் காலையில் சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டு, பேனாவைப் பையில் செருகி, கண்ணாடியில் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துக்கொள்வது அவளுக்குப் பிடித்திருந்தது. மூன்று வருடமாக ஒதுங்கி நடந்த மனிதர் தெரு நடுவில் நடக்க ஆரம்பித்திருந்தார். போகட்டும், கழுதையும் கொசுவும்தானே என்று இருந்துவிட்டாள்.

அப்புறம் லிஃப்ட் வந்தது.

வசனக் குழுவுக்கு ஓர் அலுவலகம் வேண்டும். எந்த மாடியில்? திருநூலுக்கு மேலே இன்னொரு துறை உட்காரலாமா? கூடாது. ஆகவே நகராட்சிக் கட்டடத்தின் உச்சியில், ஐந்தாவது மாடியில் இடம் ஒதுக்கினார்கள். செயலரைத் தவிரக் குழுவில் இருந்த நான்கு பேருக்கும் சேர்த்து நல்ல முழங்கால் இரண்டு தேறினால் அதிகம். அந்தக் கட்டடத்தின் லிஃப்டைத்தான் கயிறு மேடம் முந்தைய மாதம் முத்திரை வைத்து நிறுத்தியிருந்தாள். பழங்காலத்துக் கூண்டு லிஃப்ட். கயிற்றில் துணி மாட்டாத இடமே இல்லை. கயிறு அறுந்தால் கூண்டைக் கவ்வி நிறுத்த வேண்டிய பிடிப்பான் துருவேறி இறுகிக் கிடந்தது. புதுக் கயிறு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

கயிற்றுக்குப் பதிலாக வசனம் வந்தது. ‘நெறி தவறாதவனை உயரத்திலும் ஒரு கை தாங்கும்.’ தாங்குவது கை. கயிறு ஒரு சாக்கு. ஆகவே முத்திரை திருநூலுக்கு விரோதம் என்று குழு தீர்மானம் போட்டது. திறப்புவிழாவன்று காலையில் இன்ஸ்பெக்டரே வந்து முத்திரையை எடுத்து லிஃப்டை ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் வேலை போகும்.

சாயங்காலம் அவர் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் கையில் இருந்த கிரீஸைக்கூடக் கழுவவில்லை.

“அந்த வசனத்தை எடுத்துக் கொடுத்தது நீங்கதானா?”

“உயரம்னு வர்ற மாதிரி ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. கொடுத்தேன்.”

“எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “மூணு வருஷமா என்னை யாரும் எதுவும் கேக்கலைம்மா. கேட்டவுடனே சந்தோஷத்துல வாய் முந்திக்கிச்சு.”

அவளுக்குக் கோபம் பாதியில் நின்றுவிட்டது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “என்னங்க, அந்தக் கயிறு செத்துப்போச்சு. ஏறினா விழும். இன்னிக்கே விழும்னு சொல்லலை. ஆனா விழும்.”

“வசனம் பொய்க்காதும்மா.”

“வசனம் பொய்னு நான் சொன்னேனா? கயிறு பொய்னு சொல்றேன்.”

“நம்பிக்கையில்லாம பேசாதே.”

“இருபத்திரண்டு வருஷமா உங்களை நம்பிக் குடித்தனம் பண்றேன். என்னைப் பார்த்து நம்பிக்கை இல்லைன்னு சொல்றீங்க பாருங்க” என்று எழுந்து கை கழுவப் போனாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு குறைவாக இருந்தது. அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

திறப்புவிழாவன்று கீழ்த்தளக் கூடத்தில் லிஃப்டுக்கு முன்னால் ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கி, பூங்கொத்து, வரிசையாக அதிகாரிகள். வீட்டுக்காரர் குழுவோடு நின்றார், அவளைப் பார்க்காமல். அவள் குறட்டோடு வந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். மறுத்தால் வேலை போகும். நாளைக்கே வேறு யாராவது முத்திரையை வெட்டிவிடுவார்கள். மறுக்காமல் மறுக்க வேண்டும்.

“எடுங்க மேடம், நேரமாச்சு” என்றார் தலைவர்.

“எடுத்துடறேன் சார். ஒரே ஒரு சந்தேகம். தாங்குற கை நெறி தவறாதவங்களைத்தான் தாங்கும்னு தீர்மானத்துல இருக்கு. முதல்ல யார் ஏறப்போறீங்க? கை தூக்குங்க, எடுத்துடறேன்.”

தீர்மானத்துக்கு அத்தனை வேகமாகத் தூக்கிய கைகள் எல்லாம் சட்டைப்பையில் எதையோ தேடின.

“தலைவர் முதல்ல ஏறினா பந்தான்னு பேசுவாங்க. மக்கள்தான் முதல்ல” என்றார் தலைவர். மக்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

“குழுத்தலைவர் ஏறட்டுமே சார்” என்று ஒரு குரல் வந்தது.

இன்ஷூரன்ஸ்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு இன்னிக்கு மூட்டுவலிப்பா.”

“மூட்டுவலிக்குத்தானே சார் லிஃப்ட்?”

“இது வேற வலி.”

என்ஜினியருக்கு மூடிய இடம் ஆகாது. அது கம்பிக் கூண்டு, நாலு பக்கமும் காற்று வரும் என்று யாரோ சொன்னதும், திறந்த இடமும் ஆகாது என்றார். சுகாதார அதிகாரி, “வசனத்துல ‘தவறாதவன்’னு ஆம்பளையைத்தானே சொல்லியிருக்கு? நான் பொம்பளை” என்று கழன்றுகொண்டார். சட்ட அதிகாரி, தான் நெறி தவறாதவர்தான் என்றாலும் அதற்குச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் எந்தத் துறைக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை என்றார்.

கயிறு மேடத்துக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. ஜெயித்தாயிற்று. குறடைப் பைக்குள் போடப் போனாள்.

“நான் ஏறுறேன்.”

வீட்டுக்காரர்.

அவளுடைய கணக்கில் இந்த ஆள் இல்லை. கூட்டத்தில் வசனத்தை உண்மையாகவே நம்பிய ஒரே மனிதரோடுதான் தான் குடித்தனம் பண்ணுகிறோம் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

“சபாஷ்! இவர்தான் மனுஷன்!” என்று தலைவர் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள், தப்பித்தவர்களின் கைதட்டலுக்கு எப்போதும் சத்தம் கூடுதல். அவள் கையில் இருந்த குறடு எப்படித் தலைவர் கைக்குப் போயிற்று என்றே தெரியவில்லை. முத்திரையை வெட்டினார்கள். மடிப்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். கூண்டு லேசாக இறங்கி ஆடியது.

அவள் யோசிக்கவில்லை. பையைத் தரையில் போட்டுவிட்டுத் தானும் உள்ளே போய் நின்றாள்.

“நீ எதுக்கு வந்தே?”

“லிஃப்ட் ஓடும்போது இன்ஸ்பெக்டர் கூட இருக்கணும். அழுத்துங்க. அஞ்சாவது மாடி.”

“நீ இறங்கு.”

“ஏன்? நான் நெறி தவறினவளா? சொல்லுங்க, எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க.”

“பைத்தியமா உனக்கு? கயிறு செத்துப்போச்சுன்னு நீதானே சொன்னே!”

“அது நான் சொன்னது. வசனம் வேற சொல்லுதே. அழுத்துங்க.”

அவருடைய விரல் பொத்தானுக்கு அருகில் போயிற்று. அங்கேயே நின்றது. வெளியே ஒலிபெருக்கி கொர்ரென்றது.

“எனக்குப் பயமில்லை. நான் செத்தா அது எனக்கும் கடவுளுக்கும் உள்ளது” என்றார் மெதுவாக.

“சரி. நான் செத்தா?”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் விடவில்லை.

“சாயங்காலம் பிறப்புச் சான்றிதழ் வாங்க ஒருத்தி கைக்குழந்தையோட இதுல ஏறுவா. அவ நம்பிக்கை எவ்வளவுன்னு யார் பார்த்தது? குழு கேட்டுதா அவளை?”

அவர் விரலை எடுத்தார். அவளுடைய முழங்கையைப் பிடித்து முதலில் அவளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் தானும் இறங்கினார்.

“என்னய்யா, வசனத்துல சந்தேகமா?” என்றார் இன்ஷூரன்ஸ்காரர், மூட்டுவலியை மறந்து நிமிர்ந்து.

“வசனத்துல இல்லை சார். உங்க தீர்மானத்துலதான். வசனம் என்கிட்ட பேசிச்சு, நான் ஏறினேன். தீர்மானம் வர்றவன் போறவனை எல்லாம் பிடிச்சு உள்ள தள்ளுது.” குரல் நடுங்கியது. அச்சுப்பிழை கண்டால் நடுங்குவாரே, அதே நடுக்கம். “என் பொண்டாட்டியை வச்சு ஓட்டிப் பார்க்க என்னால ஆகாது. ஆகாதுன்னா, அடுத்தவன் பொண்டாட்டியை வச்சும் ஆகாது. புது முத்திரை வைம்மா.”

அவள் வைத்தாள். குறடைத் திருப்பிக் கேட்டு வாங்கித்தான் வைத்தாள்.

ரிப்பன் வீணாகக் கூடாது என்று படிக்கட்டுக்குக் குறுக்கே கட்டி வெட்டினார்கள். ஏறுவதில் பணிவு வேண்டும் என்ற பொருளில் குழு இன்னொரு வசனத்தைக் கண்டெடுத்தது. மூன்றாவது மாடியில் இன்ஷூரன்ஸ்காரர் பணிவாக உட்கார்ந்துவிட்டார். செயலரை ‘விசுவாசக் குறைவு’ என்று நீக்கினார்கள். அவளுக்கு ஒரு மெமோ. வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் புதிய ஆள் வந்து, அந்த ஆளும் முதலில் யார் ஏறுவது என்று கேட்டுவிட்டால்?

சில மாதம் கழித்துப் புதுக் கயிறு வந்தது. கயிறு என்று வாங்கினால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுமே என்று ‘கட்டட அலங்காரம்’ என்ற பெயரில் வாங்கினார்கள். மாட்டி முடித்த அன்று தலைவர் அவளைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, “மேடம், நல்லா பார்த்துட்டீங்கல்ல? கையெழுத்துப் போட்டுட்டீங்கல்ல? குழுகிட்ட நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க” என்றார். குழுவில் மிச்சமிருந்த நான்கு பேரும் அதற்குள் தனித்தனியாக வந்து இதையே கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

தீர்மானம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வீட்டுக்காரர் மறுபடியும் தெரு ஓரமாக நடக்கிறார். ஆனால் தலை குனிந்து அல்ல. போன வாரம் காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது இன்ஷூரன்ஸ்காரர் வழிமறித்தார். தெருநாய்த் தொல்லை பெருத்துவிட்டது, குழு திணறுகிறது.

“பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. நாயைப் பத்தி ஏதாவது வசனம் ஞாபகத்துக்கு வருதா?”

“நாலு இருக்கு சார். நாலும் அருமையா இருக்கும்.”

“சொல்லுங்க, சொல்லுங்க!”

“வீட்டுக்கு வாங்க, சாவகாசமாப் படிச்சுக் காட்டுறேன்” என்றார் அவர், பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு. “நாய்க்கு முதல்ல ஊசி போடுங்க.”