ஒரு ‘ழ’ எழுத்தும் என் மருத்துவக் காப்பீடும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு சாயப்பட்டறைக்குப் போய்விட்டேன். ல, ள, ழ மூன்றும் என் வாயில் ஒன்றுதான். எழுதும்போது கைக்கு எது வருகிறதோ அது விழும். என் மனைவி சரளா பத்தாவது வரை படித்தவள். அவள்தான் இதைத் திருத்தித் தந்தாள். ஒரே ஓர் இடத்தை மட்டும் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த இடம் வரும்போது உங்களுக்கே தெரியும்.

குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையும்போது, மனைவியின் பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் பல வருடம் அந்த நாற்காலியில் இருந்தவன்.

எங்கள் வீடு ஐயம்பேட்டையில். வேலை காஞ்சிபுரத்தில், சாயப்பட்டறையில். கொதிக்கிற சாயத்தொட்டி முன்னால் நின்று, பட்டு நூலைக் கழியில் மாட்டிப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி, “இன்னா, ஏதாவது விசேஷமா?” இந்த ஊரில் வருடம் முழுவதும் ஏதாவது ஒரு கோயிலில் விசேஷம்தான். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

சரளாவுக்கு எடுக்காத பரிசோதனை இல்லை. ஸ்கேன், ரத்தம், கருக்குழாய்ப் படம் (மருந்தை உள்ளே செலுத்தி, குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று எடுக்கும் எக்ஸ்ரே). எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாக இருந்தால் என்னதான் குறை என்று யாரும் கேட்கவில்லை. என் பக்கம் யாரும் திரும்பவும் இல்லை. நான் பையை வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சென்னையில் ஒரு டாக்டரம்மா திரும்பினார். என்ன வேலை என்று கேட்டார். “பட்டு வேலைம்மா” என்றேன். இதுவரை எல்லா இடத்திலும் இந்தப் பதிலோடு முடிந்துவிடும். எல்லாரும் தறி என்று நினைத்துக்கொள்வார்கள். இவர் மட்டும், “பட்டுல என்ன வேலை?” என்றார். சாயத்தொட்டியையும் அடுப்பையும் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

விந்துப் பரிசோதனையில் அணுக்கள் மிகவும் குறைவு என்று வந்தது. வெரிகோசீல் (விரைக்கு மேலே உள்ள ரத்த நாளங்கள் புடைத்து முறுக்கிக்கொள்வது) இருக்கிறது என்றார். அடுப்புச் சூடும் அதோடு சேர்ந்துகொண்டிருக்கலாம் என்றார். வலி இருக்கிறதா என்று கேட்டார். அறையில் நர்ஸ் இருந்தார், டாக்டருக்குப் படிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள், சரளா இருந்தாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். இருந்தது. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் சாயங்காலம் இடது பக்கம் யாரோ கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல இழுக்கும். வருடக்கணக்காக இழுத்தது. டாக்டரம்மா சீட்டில் எழுதினார்: குழந்தையின்மை, வலி இல்லை.

முதலில் ஆபரேஷன், பலன் இல்லையென்றால் டெஸ்ட் டியூப் முறை (கருவை வெளியே உண்டாக்கிக் கருப்பையில் வைப்பது) என்றார். சரளாவின் வயதுக்கு ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொன்னார். எங்களிடம் இருந்த பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும். ஆபரேஷன் செலவைக் காப்பீட்டுக் கம்பெனி கொடுத்தால், கையில் இருப்பதை டெஸ்ட் டியூபுக்கு வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஆசை முழுவதும் இதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

பாலிசியை எடுத்துக் கொடுத்தவர் எங்கள் தெரு ஏஜென்ட் கோபி. “ஆஸ்பத்திரில படுத்தா போதும்ணா, மிச்சத்த கம்பெனி பாத்துக்கும்” என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். இப்போது பாலிசிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“கொயந்த இல்லாததுக்குப் பண்ற வைத்தியம் எதுக்கும் தரமாட்டாங்கணா. அத்த நோவுன்னே அவங்க ஒத்துக்கல.”

“நோவு இல்லன்னா, ஊர்ல எல்லாரும் எங்கள ஏம்பா சீக்காளி மாதிரி பாக்கறாங்க?” என்று சரளா கேட்டாள்.

கோபி மறுபடியும் புத்தகத்தைப் புரட்டினார். கூடக் கொஞ்சம் கட்டினால் பிரசவத்துக்குக் கொடுப்பார்கள், ஆனால் சில வருடம் காத்திருக்க வேண்டும் என்றார். சரளா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரசவத்துக்குக் கொடுப்பார்களாம், பிரசவம் வரைக்கும் போய்ச் சேரக் கொடுக்கமாட்டார்களாம்.

“ஆனா வலிக்கோசரம் பண்ண ஆபரேஷன்னா தருவாங்கணா. வலி இருக்குதா இல்லியா, அத்த சொல்லு.”

“இருக்குது” என்றேன்.

சரளா சட்டென்று என்னைப் பார்த்தாள். “எத்தினி வருஷமா?” என்றாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

கையில் இருந்த பணத்தைக் கட்டி, காஞ்சிபுரத்திலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டேன்; ரசீதை அனுப்பினால் கம்பெனி திருப்பித் தரும் என்றார் கோபி. அந்த டாக்டரிடம் வலியை ஒளிக்காமல் சொன்னேன், அவரும் எழுதிக்கொண்டார். சொந்தக்காரர்களிடம் குடலிறக்கம் என்று சொல்லி வைத்தோம். அதனால் வந்த தொல்லை வேறு. பட்டறையில் கூட வேலை செய்யும் மணிக்கு உண்மையாகவே குடலிறக்க ஆபரேஷன் நடந்திருந்தது. பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர், “உனுக்கு எவ்ளோ நீளம் கீறினாங்க, காட்டு, நான் என்னுத காட்றேன்” என்று வேட்டியில் கை வைத்தார். சரளா காபி போடுகிறேன் என்று உள்ளே ஓடிவிட்டாள். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. வயிறு குலுங்கினால் தையல் வலிக்கும் என்பதால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தையல் ஆறியது. பணம் வரவில்லை. கம்பெனி ஒவ்வொன்றாகக் கேட்டது. அசல் ரசீது கேட்டார்கள், அனுப்பினோம். மறுபடியும் கேட்டார்கள். பழைய சீட்டு எல்லாவற்றையும் கேட்டார்கள், சென்னைச் சீட்டும் போனது. பிறகு, எதற்காக ஆபரேஷன் செய்துகொண்டேன் என்று என் கைப்பட எழுதித் தரச் சொன்னார்கள்.

வேறு விஷயமாக இருந்தால் சரளாவையோ கோபியையோ எழுதச் சொல்லியிருப்பேன். அந்த இடத்து வலியைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவதை நினைத்தாலே எனக்குக் கூசியது. பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, நானே தபாலில் சேர்த்தேன். அந்த வரி இதுதான்:

“வழி சரியாகத்தான் இந்த ஆபரேசன் செய்து கொண்டேன். வேறு காரனம் இல்லை.”

கொஞ்ச நாளில் இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. கோபி படித்துவிட்டு, “இல்லன்னுட்டாங்கணா” என்றார். ஏன் என்று அவருக்கும் விளங்கவில்லை.

சென்னைக்கு அவர்கள் ஆபீசுக்கே போனோம். டோக்கன் கொடுத்து உட்கார வைத்தார்கள். நெடுநேரம் கழித்து ஓர் அதிகாரியம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் ஃபைலைப் புரட்டி, என் கடிதத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“வழி சரியாகணும்னுதான் பண்ணிக்கிட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே. குழந்தைக்கான வழிதானே? இதோ, சென்னை டாக்டர் சீட்டுலயும் குழந்தையின்மைன்னு இருக்கு. வலி இல்லைன்னும் இருக்கு.”

“வலின்னுதாம்மா எழுதினேன்.”

“இது ழ.”

“எனக்கு மூணும் ஒண்ணுதாம்மா.”

அவர் என்னையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, எங்க வலி?” என்றார்.

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் ஒரு பெண் டீ குடித்துக்கொண்டிருந்தாள். சரளா என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டாள்.

“விரையிலம்மா. இடது பக்கம்.”

அடுப்புச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் டீயைக் குடித்து முடித்தாள். பின்னால் நின்றவர் தன் டோக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் நான் பயந்து ஒளித்தது அங்கே யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை. அதிகாரியம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னார். “நீங்க எழுத வேணாம், ப்ளீஸ்” என்றார்.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். அனுப்பினோம். அதற்குப் பிறகு போன் செய்யும்போதெல்லாம் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்றார்கள். ஆபரேஷனால் அணுக்கள் கொஞ்சம்தான் கூடியிருந்தன. டாக்டரம்மா காத்திருக்காதீர்கள் என்றார், கம்பெனி காத்திருங்கள் என்றது. இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச விட வேண்டும் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஒரு நாள் சரளா, “அவங்க குடுக்கும்போது குடுக்கட்டும்பா” என்று கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். டெஸ்ட் டியூப் வைத்தியம் ஒருமுறை செய்துகொண்டோம்.

கரு ஒட்டவில்லை. டாக்டரம்மா அப்படித்தான் சொன்னார். திரும்பி வரும்போது வாலாஜாபாத்தில் பஸ் வெகுநேரம் நின்றது. சரளா வேர்க்கடலை வாங்கி எனக்குப் பாதியைக் கொடுத்தாள். இரண்டு பேரும் தோலை ஊதி ஊதித் தின்றோம். இன்னொரு முறைக்கு விற்க எங்களிடம் எதுவும் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அதற்கு அடுத்த வாரம் கம்பெனி பணம் வந்தது. கையுறைக்கும் பஞ்சுக்கும் பிடித்துக்கொண்டு மீதி. அது இன்னொரு வைத்தியத்துக்குக் காணாது. முன்பே வந்திருந்தால் அந்தச் சங்கிலி அவள் கழுத்தில் இருந்திருக்கும், இன்னொரு முறைக்கு உதவியிருக்கும். காரணம் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கோபியைக் கேட்டேன். வலி என்று போட்டிருக்கிறார்கள் என்றார்.

வலி உண்மையாகவே போய்விட்டது. சாயங்காலம் தொட்டியை விட்டு நகரும்போது உடம்பு வெறுமையாக இருக்கிறது, துண்டை எங்கேயோ விட்டுவிட்டு வந்தது போல. சில நாள் என் கை தானாக இடது பக்கம் போய்த் தடவிப் பார்க்கிறது. முன்பு மாதம் என்றால் எங்கள் வீட்டில் அது சரளாவின் மாதம், நாள் தள்ளிப்போகிறதா என்று எண்ணிக்கொண்டிருப்போம். இப்போது நாள்காட்டியில் வெறும் தேதிகள்தான். வருடத்தில் ஒரு தேதியை மட்டும் சுற்றி வைத்திருக்கிறோம். பாலிசியைப் புதுப்பிக்கும் கடைசி நாள்.

அது இன்று. காலையில் கோபி வந்தார். இந்தக் கம்பெனிக்கு இனி ஒரு பைசா கட்டமாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

சரளா நிதானமாகச் சொன்னாள்: “கட்டிடுங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு, எனுக்கு ஒண்ணுன்னா, தூக்கிக்கினு ஓட யாரு இருக்காங்க? இவன் கம்பெனிதான்.”

கோபி தலையைக் குனிந்துகொண்டு படிவத்தை நீட்டினார். இந்த முறை யாரையும் கேட்காமல் நானே நிரப்பினேன். பிள்ளைகள் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். சரளா எட்டிப் பார்த்தாள், திருத்த ஒன்றும் இல்லை. எத்தனையோ படிவங்களில் எழுதி எழுதி, அந்த ஒரு சொல் மட்டும் எனக்குப் பிழையில்லாமல் வரும்.

ஐயம்பேட்டை,
18 செப்டம்பர் 2006.