பதினான்கு நாள் கணக்கு

மும்பை செம்பூரில் நாங்கள் சர்க்கரைக்குக் காட்டும் டாக்டர், இப்போது மனச்சோர்வை அளக்கவும் ஆளுக்கொரு தாள் தருகிறார். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் மனம் சோர்ந்திருந்தது, தூக்கம் கெட்டது, பசி குறைந்தது என்று ஒன்பது கேள்விகள். தாள் இந்தியில் இருந்ததால் மனைவியுடையதை நான் நிரப்பினேன். அவளைக் கேட்கவில்லை. பக்கத்தில் தெரிந்த மாட்டுங்காத் தமிழர்கள் உட்கார்ந்திருந்தால் எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்லே" என்பாள். அவள் மெலிந்து வருவது எனக்கு ஒரே கவலை. கட்டத்தில் டிக் போடாமல் என் கணக்கையே எழுதினேன்: தூங்காதது பதினொரு நாள், சாதத்தை மிச்சம் வைத்தது ஒன்பது நாள்.

டாக்டர் அவளிடம், "பதினொரு நாள் தூங்கலையா மாமி?" என்று கேட்டார்.

"நான் ஒன்பதரைக்கே தூங்கிடறேன். இவர்தான் முழிச்சுண்டு நான் புரள்றதை எண்ணிண்டிருக்கார்."

"சாப்பாடு?"

"இவர் பாதியிலேயே எழுந்துடறார். எதிர்த்தாப்பிலே காலி நாற்காலியை வெச்சுண்டு நான் எப்படிச் சாப்பிடறது?"

நான் ஒன்றும் எழுதாமல் மடித்து வைத்திருந்த என் தாளை டாக்டர் பார்த்தார். "இதையும் எழுதிடுங்கோ மாமா."

தாளைப் பிரித்தேன். மனம் சோர்ந்த நாட்கள் எத்தனை என்ற கேள்விக்கு, எண்ணிப் பார்க்காமலே பதினான்கு என்று எழுதினேன்.