பஸ் பேட்டரியில் நடந்த கல்யாணம்

யுத்த காலம். ஒலிபெருக்கி பாடாவிட்டால் மாப்பிள்ளை மணையில் உட்கார மாட்டான் என்று சம்பந்தி சொல்லிவிட்டார். செஞ்சியில் கல்யாணம், பெண்ணின் தாய்மாமனான நான்தான் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பு. அந்தக் காலத்து ஸ்பீக்கரின் காந்தத்துக்குத் தனியாக ஒரு பேட்டரி வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு. முகூர்த்த வேளையில் அந்தப் பேட்டரி செத்துப்போனது. நானும் பாதி செத்தேன்.

கூட்டத்தைப் பார்த்துத் திண்டிவனம் பஸ் நின்றது. டிரைவர் ஒல்லியானவர். வாயிலுள்ள வெற்றிலையை இடக் கன்னத்துக்கு ஒதுக்கிய பிறகே பேசுவார். விஷயம் கேட்டதும் பஸ்ஸைப் பந்தலோரம் கொண்டுவந்து, அதன் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்தார். வண்டிச் சாவியை ஸ்பீக்கரின் முதுகில் வைத்துப் பார்த்தார். கப்பென்று ஒட்டியது. நாதஸ்வரம் கோட்டை வரை கேட்டது.

"இன்னாய்யா, வண்டி எப்பப் போவும்?" என்றார் ஒரு பயணி.

"சாவி ஒட்டிக்கினு இருக்குது. தாலி கட்டுனாத்தான் வுடும். எறங்கி சாப்டுய்யா."

தாலி ஏறியது. எனக்கு உயிர் வந்தது. கூடவே மைக்கைப் பிடித்து நன்றியுரையும் தொடங்கிவிட்டேன். இரண்டாவது வாக்கியத்தில் சத்தம் நின்றது. டிரைவர் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் பேசுறீங்க சாமி. பஸ்ஸுக்கு நேரமாவுது."

பந்தலே நிம்மதியாக மூச்சுவிட்டது. தாலி ஏறும் வரை பொறுத்திருந்த மனிதருக்கு அப்போது வந்தது அவசரமா, ரசனையா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.